அண்ணனைத் தனி அறையில் போட்டபோது

எண்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் இது நடந்தது. மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய், இறங்கிக் கொஞ்ச தூரம் வாய்க்கால் கரையில் நடந்தால் எங்கள் ஊர். சம்பா அறுவடை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் படிக்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஊரில் இருப்பவர்கள் அதைத் தெரு என்றே சொல்ல மாட்டார்கள். ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ். மற்றவர்கள் கிளாஸோடு மாறிவிடக் கூடாதாம், அதனால் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். குடித்துவிட்டு நாங்களே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வரவேண்டும். நான் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் குடித்தேன், எனக்கு அது ஒன்றும் தோன்றியதில்லை. அண்ணன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்த பிறகு அந்தக் கடைப் பக்கமே போவதை விட்டுவிட்டார்.

அண்ணன் பயிர் வைத்திருந்தது குத்தகை நிலம். அப்பா காலத்திலிருந்து எங்கள் கைதான் அதில் உழுதது. ஆனால் பதிவு எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. உழுகிறவனை வெளியேற்ற முடியாது, சட்டம் இருக்கிறது என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். ஆட்சி மாறும், மாறி வருவதும் ஒரு கழகமாகவே இருக்கும், பேச்சும் அதேதான். எங்கள் வயலுக்கு அந்தச் சட்டம் வந்து சேரவில்லை. அந்த வருஷம் நிலத்துக்காரர் விளைந்து நின்ற வயலில் வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் பார்த்தார். அண்ணன் வரப்பில் போய் மறித்து நின்றார். தள்ளுமுள்ளில் யாரோ கம்பை வீசினார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

சங்கத்துக்காரர்கள் அவரை வண்டி வைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அப்போது ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது, நல்ல டாக்டர்கள் என்று வசதி உள்ளவர்களும் வருவார்கள். இப்போது இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. துணைக்கு யார் இருப்பது என்று பேச்சு வந்தபோது, மருந்துச் சீட்டைப் படிக்கிற ஆள் வேண்டும் என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, புண் இருக்கிற இடத்தில் மட்டும் அந்த மாவை ஜன்னல் மாதிரி வெட்டி விட்டிருந்தார்கள். அந்த வழியாகத் தினம் மருந்து வைத்துக் கட்டுவார்கள். ஆண்கள் வார்டில் நீள வரிசையாகக் கட்டில்கள். அண்ணனுக்கு இடது பக்கம் கிடந்தவர் கூத்தாநல்லூர் பாய். பினாங்கில் ரொம்ப காலம் ஜவுளிக்கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொள்ள வந்தவரை, சர்க்கரை இறங்கட்டும் என்று காக்கவைத்து, அப்போதுதான் செய்து முடித்திருந்தார்கள்.

அண்ணன் முதல் நாள் முழுக்க யாருடனும் பேசவில்லை. பாய்தான் ஆரம்பித்தார்.

"என்ன தம்பி, காலெலும்பு வெளிய வந்து ஊரைச் சுத்திப் பாத்துட்டு உள்ள போச்சாமே?"

அண்ணன் சிரித்துவிட்டார். வயலில் விழுந்ததற்கப்புறம் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"பாத்துச்சு பாய். ஊரு பிடிக்கலைன்னு திரும்பிடுச்சு."

"சிரிக்க வைக்காதீங்க தம்பி, தையல் பிரியுது" என்று பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவர் ஆரம்பித்ததுதானே.

அதற்கப்புறம் இரண்டு பேரும் ஓயாத பேச்சு. பினாங்கில் மழை எப்படிப் பெய்யும் என்று அவர் சொல்வார். மேட்டூரில் தண்ணீர் எப்போது திறப்பான், கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்று அண்ணன் சொல்வார். பாய்க்கு வீட்டிலிருந்து அடுக்குத் தூக்கில் சாப்பாடு வரும். முதல் அடுக்கைத் திறந்ததும் "தம்பிக்கு வைம்மா" என்பார். நாங்கள் யார், எந்தத் தெரு என்று அவர் கேட்கவே இல்லை. அண்ணனே ஒருநாள் சொன்னார். "சரி, அதுக்கு என்ன? குழம்புல உப்பு இருக்கா, அதைச் சொல்லுங்க" என்றார் பாய்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. ஜன்னல் வெட்டிய இடத்தில் சீழ் வைத்தது. ஊசியை மாற்றிப் போட்டார்கள், இறங்கவில்லை. இன்னொரு ஊசிக்கு மாற்றினார்கள், அதற்கும் இறங்கவில்லை. வார்டைப் பார்த்துக்கொண்டது ஒரு டாக்டரம்மா. அதிகம் பேசமாட்டார். ஒரு குச்சியில் சீழைத் தொட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்றைக்குக் காலையில் கட்டிலருகே வந்து, "இவரைத் தனியாப் போடணும். பின்னாடி ரூமுக்கு மாத்துங்க" என்றார்.

"ஏம்மா, எதுக்கு?" என்று அண்ணன் கேட்டார்.

"கிருமி."

"இங்க எல்லாருக்கும்தான் புண்ணு இருக்கு. எல்லாருக்கும்தான் கிருமி. என்னை மட்டும் ஏன்?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது. மாத்தணும்னா மாத்தணும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்கு எத்தனை வேலையோ. அந்தப் பேச்சை அவர் அன்று சாயங்காலமே மறந்திருப்பார்.

பின்னாடி அறை என்பது கட்டிடத்துக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தது. ஒரே கட்டில். மருந்து கட்ட வருகிற நர்ஸ் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கையில் உறை போட்டுக்கொண்டு வருவார். கட்டி முடித்ததும் உறையைக் கழற்றி வாசலில் இருந்த வாளியில் போட்டுவிட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். வார்டில் அவர் இப்படியெல்லாம் செய்து நாங்கள் பார்த்ததில்லை. சாப்பாடு கொண்டுவந்த ஆயா உள்ளே வரவில்லை. தட்டையும் டம்ளரையும் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். நான் எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன்.

அண்ணன் தட்டைக் கையில் வாங்கினவர், சோறு சரியாதபடி மெல்லத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு. டம்ளரையும் திருப்பினார். அதிலும் இருந்தது.

"பாத்தியாடா" என்றார். "நம்ம கிளாஸு நமக்கு முன்னாடியே பஸ் ஏறி வந்துடுச்சு."

தட்டைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. காய்ச்சல் வேறு. நான் சொல்லிப் பார்த்தேன், "நீ வேணும்னா தின்னு" என்றார். வேறு வழியில்லாமல் நான் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினேன். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு லாரியில் ஆட்கள் வந்து இறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் கொடியை நட்டுவிட்டு உட்கார்ந்தார்கள்.

நிர்வாகி பயந்துபோய் டாக்டரம்மாவை வெளியே அழைத்துவந்தார். அவ்வளவு பேருக்கு முன்னால் அந்த அம்மா அப்போதுதான் விளக்கிச் சொன்னார்.

"இவருக்கு வந்திருக்கிறது சாதாரணக் கிருமி இல்லைங்க. எங்ககிட்ட இருக்கிற ஊசி எதுக்கும் அடங்கலை. இது ஆஸ்பத்திரியிலேயே இருந்து தேறின கிருமி. வார்டுல போட்டா மத்தவங்க புண்ணுக்கும் போயிடும். அதுக்குத்தான் தனியா வெச்சோம்."

எங்கள் சங்கத் தலைவர் வயசாளி. அடிதடியில் உள்ளே போய் வந்தவர். அவர் சத்தம் போடவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"எங்களுக்குன்னு தனிக் கிருமியா டாக்டரம்மா? தொட்டா ஒட்டிக்கும்னு ஊர்லயும் அதைத்தான் சொல்றாங்க. எங்க பாட்டன் காலத்துலேருந்து சொல்றாங்க. இப்ப நீங்க அதை இங்கிலீசு படிச்சிட்டு வந்து சொல்றீங்க."

அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளைகளே, இன்றைக்கு யோசித்தால் அந்த அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் தலைவர் சொன்னதிலும் பொய் என்று ஒரு சொல்லைக் காட்ட முடியாது.

அப்போதுதான் பாய் வந்தார். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசல் வரைக்கும் நடந்துவந்து நின்றார்.

"நான்தாம்மா அவருக்குப் பக்கத்துக் கட்டிலு. எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அவரைக் கொண்டாந்து போடுங்க."

"பாய், உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. ஆபரேசன் பண்ண புண்ணு இருக்கு. உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா.

"கப்பல்ல அடித்தட்டுல ஆட்டோடயும் மாட்டோடயும் படுத்து வந்தவன்மா நான். அப்ப ஒட்டாததா இப்ப ஒட்டப் போவுது?"

எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்துக் கட்டில்காரரே சொன்ன பிறகு நிர்வாகி என்ன செய்வார். மத்தியானத்துக்குள் அண்ணனைப் பழைய கட்டிலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். லாரி திரும்பும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். ஊரில் எத்தனையோ தடவை தோற்றிருக்கிறோம், அன்றைக்கு ஜெயித்தோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் பாய் வீட்டிலிருந்து ஒரு பெரிய அகலத் தட்டு வந்தது. அதை அவர்கள் சகன் என்று சொல்வார்கள். அவர்கள் வீட்டு விசேஷங்களில் ஒரு சகனைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது வழக்கம். பாய் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். நெய்ச்சோறு, நடுவில் கறி, ஓரமாகத் தாளிச்சாக் குழம்பு. தரையில் ஜமக்காளம் விரித்து, அண்ணனைக் காலை நீட்டியபடி தூக்கி உட்கார வைத்தோம். பாய் எதிரில் உட்கார்ந்தார். என்னையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அண்ணன் கை வைக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், டாக்டரம்மா சொன்னது ஒருவேளை நெசமா இருந்துட்டா?"

"இருந்தா அப்புறம் பாத்துக்குவோம். தாளிச்சா ஆறுது."

அண்ணன் சாப்பிட்டார். எங்கள் தெருவுக்கு வெளியில் ஒருவரோடு ஒரே தட்டில் அவர் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. சாப்பிடும்போதே கண் கலங்கி, மிளகாய் காரம் என்று சொன்னார். நெய்ச்சோற்றில் என்ன காரம். பாய் அதைக் கவனிக்காத மாதிரி, கறித்துண்டுகளைப் பிய்த்து அண்ணன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். அப்புறம் அண்ணனைக் கட்டிலில் ஏற்ற நானும் பாயும்தான் பிடித்தோம். ஜன்னல் கட்டுப் பக்கம் பாய் பிடித்தார்.

பாய்க்குத் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். வீட்டில் அவருக்காக வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்களாம். அதற்குள் தையல் ஓரம் சிவந்தது. "சட்டை உரசியிருக்கும்" என்றார் பாய். அப்புறம் வீங்கியது, காய்ச்சல் வந்தது. டாக்டரம்மா குச்சியை எடுத்துவந்து சீழைத் தொட்டார். அவர் எங்கள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

முடிவு வந்ததும் பாயைப் பின்னாடி அறைக்குக் கொண்டுபோனார்கள். அதே அறை, அதே கட்டில்; இருந்தது அது ஒன்றுதான், அதனால் அண்ணனை வார்டிலேயே ஓரமாகத் தள்ளிப் போட்டார்கள். பாய் மகன் என்னைவிடச் சின்னவன். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டர் சொன்னால் செய்யவேண்டியதுதானே என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான்.

சாயங்காலம் அண்ணன் பார்க்கவேண்டும் என்றார். நானும் ஒரு வார்டு பையனும் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனோம். உள்ளே விடவில்லை, வாசலோடு நிறுத்திவிட்டார்கள். மூக்கைக் கட்டிய நர்ஸ் உறை போட்ட கையோடு பாய்க்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தார். வாசற்படியில் ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் அடியில் அந்தச் சிவப்புப் பொட்டு இருந்தது.

அண்ணன் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாய் பெரிய குடும்பத்துக்காரர், கார் வைத்திருக்கிறவர்கள் வீடு. அவருக்கும் அதே தட்டுத்தான். அந்தப் பொட்டு அந்த அறைக்கு வைத்தது, எங்களுக்காக வைத்த பொட்டே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பாய் வீட்டார் யாரும் அந்தத் தட்டைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அதற்கு அவசியம் வந்ததில்லை.

பாய் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "தம்பி, ரூம்பு நல்ல காத்தோட்டமா இருக்கு. இதைப் போயி வேணாம்னு சொன்னீங்களே" என்றார். அவர் என்னிடம் பேசியதில் கடைசியாக என் ஞாபகத்தில் இருப்பது அதுதான்.

மெட்ராஸிலிருந்து புது ஊசி வரவழைத்தார்கள். இரண்டு பேருக்கும் போட்டார்கள். அண்ணனுக்குக் கிருமி காலெலும்போடு நின்றிருந்தது, மெல்ல மெல்ல இறங்கியது. பாய்க்கு ரத்தத்தில் கலந்துவிட்டது. ஒரு விடியற்காலையில் போய்விட்டார். காலியான அந்தப் பின்னாடி அறைக் கட்டிலை இரண்டு பேர் வெளியே தூக்கிப்போய் மருந்துத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள்.

அன்றைக்கு டாக்டரம்மா வந்தபோது அண்ணன் அவர் கையெட்டும் தூரம் வரும்வரைக்கும் காத்திருந்து கேட்டார்.

"எங்கிட்டேருந்துதான் போச்சாம்மா?"

அந்த அம்மா அன்றைக்கு அடுத்த கட்டிலுக்குப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு பேருக்கும் வந்தது ஒரே மாதிரிக் கிருமி. உங்களுக்கு எந்தெந்த மருந்துக்கு அடங்கலையோ, அவருக்கும் அதே மருந்துக்கெல்லாம் அடங்கலை. ஆனா உங்ககிட்டேருந்துதான் போச்சுன்னு நான் சொல்லமுடியாது. எங்க கையிலேருந்து போயிருக்கலாம். கத்திரியிலேருந்து போயிருக்கலாம். உங்களுக்கே இந்த ஆஸ்பத்திரியிலதானே வந்துச்சு."

"அப்ப எங்கிட்டேருந்து போவலைன்னு சொல்லுங்க."

"அதையும் சொல்லமுடியாதுங்க" என்றார். எழுந்திருக்கும்போது, "அன்னைக்கே உக்காந்து உங்களுக்குச் சொல்லியிருக்கணும்" என்றார்.

இந்தக் கிருமி விஷயம் எனக்குச் சரியாக விளங்கியது ரொம்ப காலம் கழித்துத்தான். என் மகள் கல்லூரியில் கிருமிகளைப் பற்றிப் படித்தாள். லீவுக்கு வந்திருந்தபோது நான் இதையெல்லாம் அவளிடம் சொல்லிக் கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

சீழில் இருக்கிற கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பார்களாம். அதன்மேல் மருந்தில் தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்பார்கள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாமல் வட்டமாக வெறிச்சிட்டுக் கிடக்கும், வயலில் உப்புப் பூத்த இடத்தில் நாற்றுப் பிடிக்காமல் கிடக்குமே, அந்த மாதிரி. மருந்து கேட்காத கிருமி வில்லையை ஒட்டிப் பச்சென்று வளர்ந்துவிடும். அண்ணன் சீழை வளர்த்த தட்டு அப்படித்தான் இருந்திருக்கும்.

கிருமி எப்படி அப்படி ஆகிறது? நெல்லில் விழும் புகையான் பூச்சிக்கு நாம் மருந்தடிக்கிறோம். முதல் வருஷம் செத்து விழும். அதையே திரும்பத் திரும்ப, அரையும் குறையுமாக அடித்தால், சாகாமல் தப்பினது மட்டும் பெருகும். அப்புறம் எத்தனை டப்பா அடித்தாலும் சிரிக்கும். ஆஸ்பத்திரி என்பது தினம் மருந்தடிக்கிற வயல். அங்கே தப்பிப் பிழைத்த கிருமி லேசுப்பட்டது இல்லை. மருந்துக்குத் தப்பிக்கும் வித்தை அதன் உள்ளேயே, மரபணுவில், எழுதியிருக்கிறதாம். அதைத் தன் குஞ்சுகளுக்குக் கொடுப்பதோடு நில்லாமல், பக்கத்தில் இருக்கிற வேறு கிருமிக்கும் கொடுத்துவிடுமாம். ஒரு வீட்டு விதைநெல் அடுத்த வீட்டுக்குப் போகிறதில்லையா, அப்படி.

அவள் இன்னொன்றும் சொன்னாள். மருந்துக்கு அடங்காத குணம் வேறு, உடம்பை அரிக்கிற வேகம் வேறு. இரண்டும் தனித்தனி மரபணு. மருந்துக்கு அடங்காத கிருமி எல்லாமே கொல்லுகிற கிருமி இல்லை, கொல்லுகிற கிருமி எல்லாமே மருந்துக்கு அடங்காததும் இல்லை. இரண்டும் ஒன்றில் வந்து சேர்ந்துவிட்டால்தான் கஷ்டம். அது போய் இறங்குகிற உடம்பும் பார்க்கவேண்டும். வயசும் சர்க்கரையும் உள்ள உடம்பில் அதற்கு வழி திறந்தே கிடக்கும்.

"இப்ப இருக்கிற சோதனையில, ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குப் போச்சான்னு கண்டுபிடிக்கமுடியுமாம்மா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் முடியும்ப்பா. ரெண்டு கிருமியோட மரபணுவையும் எழுத்தெழுத்தாப் படிச்சுப் பாத்து, ஒரே குடும்பமான்னு சொல்லிடுவாங்க" என்றாள். "பெரியப்பா இருந்தா இதைக் கேட்டிருப்பாரு" என்றும் சொன்னாள். அண்ணன் அப்போது இல்லை. இருந்திருந்தால் கேட்டிருப்பாரா, காதைப் பொத்திக்கொண்டிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நடந்ததை முடித்துவிடுகிறேன். அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் கட்டு இருந்தது, கசிவு நிற்கவில்லை. கக்கத்தில் கட்டை வைத்துத்தான் நடந்தார். பாய் வீட்டில் அவருக்காகப் பாத்திஹா ஓதுகிறார்கள், வரவேண்டும் என்று மகன் ஆள் அனுப்பியிருந்தான். அண்ணன் போகமாட்டார் என்று நினைத்தேன், ஆனால் சொன்ன அன்றைக்கு விடியும்போதே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் பஸ்ஸில் கூத்தாநல்லூர் போனோம்.

தெருவே அடைத்து ஆட்கள். வெள்ளையடித்த பெரிய வீடு. உள்ளே ஓதுகிற சத்தம் கேட்டது. அண்ணன் வாசல் வரை வந்தார். அதற்கு மேல் காலை எடுத்து வைக்கவில்லை. ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். எந்த வாசலிலும் வெளியே நிற்கமாட்டேன் என்று சங்கத்தில் சேர்ந்தவர் அவர்.

பாய் மகன் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"ஏன் இங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"இருக்கட்டும் தம்பி. இங்கயே நிக்கிறேன்."

அவன் அண்ணன் முகத்தைப் பார்த்தான், அவனுக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்ல அந்த வித்தியாசமெல்லாம் கிடையாதுங்க. அத்தா உங்களைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நீங்க வெளிய நின்னா அத்தாவுக்குப் பொறுக்காது" என்றான்.

"அதுக்கு இல்லை தம்பி. கால்ல புண்ணு இன்னும் ஆறலை."

"ஆறலைன்னா என்ன, நாற்காலி போடுறேன்."

உள்ளே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பாயம்மா ஒரு ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அண்ணன் தலையை ஆட்டினார், வரமாட்டேன் என்று. அவன் முகம் சின்னதாகிவிட்டது. தன் வீட்டை இவர் நம்பவில்லை என்று அவன் நினைத்திருக்கவேண்டும். யாரோ கூப்பிட, உள்ளே போய்விட்டான். தன் புண்ணிலிருந்து அவர்களுக்கும் ஒட்டிவிடுமோ என்ற உண்மைக் காரணத்தைச் சொல்ல அண்ணனாலும் முடியவில்லை, கூட நின்ற என்னாலும் முடியவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு அதை எப்படிச் சொல்வது?

திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணன், "அந்தப் புள்ளை என்னைத் தப்பா நெனச்சிட்டான்டா" என்றார். அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று ஒவ்வொரு அறுவடையின்போதும் சொல்வார். போகாமலேயே அவர் காலமும் முடிந்துவிட்டது.

யார் மேல் குற்றம் என்று நான் ரொம்ப நாள் தேடியிருக்கிறேன், டாக்டரம்மா மேலும் சொல்லமுடியவில்லை, அண்ணன் மேலும் சொல்லமுடியவில்லை. காரணம் சொல்லாமலே மனிதரை ஒதுக்கிவைத்துப் பழகிய ஊரில், ஒருநாள் உண்மையான காரணம் ஒன்று வந்து நின்றபோது அதை நம்ப எங்களிடம் மனசு மிச்சம் இல்லாமல் போயிருந்தது. அது கொஞ்சம் மிச்சம் இருந்திருந்தால் பாய் தன் வீட்டுக்கு நடந்து போயிருப்பாரோ என்ற நினைப்புத்தான் இந்த வயசிலும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.